தீக்குச்சி சிரிக்காத சீசன்

அவர் எதையும் ஒரு தரம் பார்த்து நம்பியவர் இல்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். பாலை முகர்ந்து பார்த்த பிறகுதான் அடுப்பில் வைக்க விடுவார். போன மாதம் மருத்துவமனையில், "இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் படுக்கையில் கிடந்தபடியே மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இவரு நிஜமாவே டாக்டர்தானா? எதுக்கும் வெளிய போர்டப் பாத்துட்டு வா."

மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். டாக்டர்தான்.

இந்தக் குணம் பிறவியில் பாதி, உத்தியோகத்தில் பாதி. வாலிப வயதில் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்குள் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, மீட்டர் மட்டும் நிற்கிறது என்றால் மின்சாரம் வேறு வழியில் வருகிறது என்று பொருள். அந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பல வருடம் இதைச் செய்தவர் மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார். யாராவது வழக்கத்துக்கு மேல் மரியாதையாக "வாங்க சார், உக்காருங்க" என்றால் அவர் கண் உடனே சுவரில் ஒயர் எங்கே போகிறது என்று தேடும்.

அந்தப் பார்வைதான் அவருக்குச் சோறு போட்டது. அலுவலக நாடகத்தில் வசனமே இல்லாத வேடத்தில் நின்றுகொண்டு, பேசுகிற ஆளை மேலும் கீழுமாகச் சந்தேகத்தோடு பார்த்தார். கூட்டம் சிரித்து உருண்டது. பார்க்க வந்திருந்த தொலைக்காட்சிக்காரர் ஒருவர் தங்கள் நகைச்சுவை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார். இவர் வேலையை விட்டார். மாமனார் பேசுவதை விட்டார்.

வாரம் ஒரு மணி நேர நிகழ்ச்சி. ஏழெட்டுக் குட்டி நாடகங்கள். திங்கட்கிழமை எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியதை வாசிப்பார்கள். சிரிப்பு வராதது குப்பைக்கு. சனிக்கிழமை அரங்கில் ஜனங்களுக்கு முன்னால் பதிவு. இவருக்கு எப்போதும் ஒரே மாதிரி இடம்தான். கணவனும் மனைவியும் சண்டை போட்டால் நடுவில் மாட்டிக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர். டாக்டரும் நோயாளியும் பேசினால் கட்டிலுக்கு அடியில் எதையோ தேடும் துப்புரவு ஆள். யூனிட்டில் 'மூணாவது ஆள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் பதிவுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவர் மேடையில் அந்தப் பார்வை பார்த்ததும் அவள் சிரித்தாள். படிக்கட்டில் பித்தளைக் குடம் உருள்வதுபோன்ற சிரிப்பு. ஆரம்பித்தால் கடைசிப் படி வரை நிற்காது. அரங்கமே கூட உருண்டது. அன்றைய தயாரிப்பாளர், பதிவைக் கவனிக்கும் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து, "யாரு அந்தம்மா? வாரா வாரம் வரச் சொல்லுங்க" என்றார். ஜனங்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் முதல் ஆளாகச் சிரிக்கக் கூச்சம். யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும். எடுத்துக் கொடுப்பது அவளுக்குச் சம்பள வேலையாகவே ஆயிற்று. யூனிட்டில் அவளுக்குத் 'தீக்குச்சி' என்று பெயர்.

வருடங்கள் ஓடின. எப்போதாவது மேடையிலிருந்து இறங்கும்போது, ஜனங்கள் சிரித்தது தனக்கா, அவளுடைய சிரிப்புக்கா என்று ஒரு கேள்வி தலைநீட்டும். ஊரில் உள்ள மீட்டரையெல்லாம் திறந்து பார்த்தவர் அந்த ஒன்றை மட்டும் திறக்கவில்லை.

பிறகு அந்த சீசன் வந்தது.

புதிதாக ஒரு தயாரிப்பாளர் வந்தார். மெல்லிய குரல், சின்ன வயது, எல்லாரையும் 'சார்' போட்டுக் கூப்பிடுகிற பெண். எல்லாரும் 'மேடம்' என்றார்கள். வந்த வாரமே எழுத்தாளர்களில் மூத்தவரை, "ஒரு டீ குடிக்கலாம், வாங்க சார்" என்று தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனவர் வெளியே வந்து, தன் மேஜையிலிருந்த மூக்குப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் இன்னோர் எழுத்தாளர் டீ குடித்தார். அதற்கடுத்து இரண்டு நடிகர்கள். அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வந்தார்கள். நடிக்க ஒரு பொடியன். எதற்கெடுத்தாலும் வழுக்கி விழுவான், அழகாக விழுவான். எழுத ஒரு கண்ணாடிக்காரன். சீசன் முடிவில் பழைய நடிகர்களில் இன்னும் சிலர் போவார்கள் என்று பேச்சு.

நிகழ்ச்சியில் எப்போதும் போலீஸ் வேடமே போடும் ஒருவர் இவருக்குக் கூட்டாளி. யூனிட்டுக்கும் அவர் 'போலீஸ்'தான். ஒப்பனை அறையில் மீசையை ஒட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"மாப்ளே, டீக்குக் கூப்பிட்டா வயித்துல புண்ணுன்னு சொல்லிடு."

"சொன்னா விட்டுடுவாங்களா?"

"வெந்நீர் குடுத்து அனுப்புவாங்க."

இவர் சிரிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியாயிற்று. மின்சார அலுவலகம் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. சந்தேகமாகப் பார்க்கத் தெரியும் என்பதற்காக வேறு யாரும் வேலை தரப்போவதில்லை. இந்த இடம் போனால் அவருக்கு வேறு இடம் இல்லை.

அந்த சீசனின் முதல் பதிவில் லிஃப்ட் நாடகம். காதலர்கள் இருவர் லிஃப்ட் நின்றுபோன நேரத்தில் உறவை முறித்துக்கொள்கிறார்கள். கூட நிற்கும் முன்பின் தெரியாத ஆள் இவர். இரண்டு பேரும் மாறி மாறி இவரிடம் நியாயம் கேட்கிறார்கள். இவர் அந்தப் பார்வையை எடுத்து விட்டார்.

அமைதி.

மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம். பிறகு எங்கிருந்தோ ஒருவர் சிரித்தார், அங்கங்கே சிலர், அப்புறம் ஓரளவு எல்லாரும். வந்தது சிரிப்புத்தான். ஆனால் நாலாவது வரிசையிலிருந்து வரவில்லை. அடுத்த நாடகத்தில் பொடியன் வழுக்கி விழுந்தான், குடம் உருண்டது.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஆரம்பித்தார்.

"என்ன, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?"

"எங்க?"

"லிஃப்ட்ல."

"சிரிச்சேனே."

"நீ சிரிச்சா எனக்குத் தெரியாதா? தெருமுனைக்கே தெரியும்."

"தொண்டை கரகரன்னு இருந்துச்சுங்க."

"அந்தப் பொடியன் விழுந்ததும் சரியாயிடுச்சாக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். போலீஸுக்குச் சிரித்தாள், பொடியனுக்குச் சிரித்தாள், தொப்பி தவறி விழுந்ததற்குச் சிரித்தாள். இவர் மேடையேறினால் நாலாவது வரிசை இழவு வீடு.

"மாப்ளே, தீக்குச்சி உன் பக்கம் மட்டும் நமத்துப் போச்சே" என்றார் போலீஸ்.

அதே நாள் மதியம் இவர் தாழ்வாரத்தில் வரும்போது மேடம் அறைக் கதவு திறந்தது. வெளியே வந்தது மனைவி. கையில் டீ டம்ளர். அந்த அறையில் டீ குடித்தவர்கள் யாரும் அடுத்த வாரம் வேலைக்கு வந்ததில்லை. அவள் வந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இவருக்கு அது போதுமானதாக இருந்தது. யாரைப் பார்த்து அவள் சிரிக்கவில்லையோ அவர் வெளியே; அடையாளம் காட்டத்தான் மேடம் அவளை வைத்திருக்கிறார்.

அந்த எண்ணம் இவர் வாயிலிருந்து போலீஸ் காதுக்குப் போயிற்று. போலீஸ் காதுக்குப் போனது ஒப்பனை அறை முழுவதற்கும் போயிற்று. மறுவாரம் நாலாவது வரிசை நாற்காலியில் மெத்தை முளைத்தது. பொடியன் அவளுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கண்ணாடிக்காரன் அவள் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தான். சொல்லி வைத்ததுபோல போலீஸ் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, இன்னைக்கு என் சீன் மூணாவதா வருது. மறந்துடாதீங்க."

"உன் சீன்ல என்னய்யா பண்ற?"

"லத்திய தொலைச்சுட்டுத் தேடறேன்."

"போன வாரமும் அதானே தேடின?"

"இன்னும் கெடைக்கலக்கா."

அவள் அங்கேயே சிரித்துவிட்டாள். தூரத்தில் நின்ற இவர் அதையும் கவனித்தார்.

வீட்டில் சோதனை நடத்தினார். துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் போய் நின்று, கொடியில் தொங்கிய தன் சட்டையையே குற்றவாளியைப்போல மேலும் கீழும் பார்த்தார். அவள் துணிமேல் சரிந்து விழுந்து சிரித்தாள். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

கல்லூரியில் மின்னணுவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த மகளிடம் வழக்கைக் கொண்டுபோனார்.

"வீட்ல சிரிக்கிறாங்க, அங்க சிரிக்கல" என்றாள் மகள். "அப்ப பழுது தொண்டையில இல்லப்பா. ஸ்விட்ச்சுல."

"ஸ்விட்ச் யார் கையில?"

"அது தெரியல. மேடம் கையில இருக்கலாம். அம்மா கையிலயே இருக்கலாம். ரெண்டு காரணம் இருக்கறப்ப ஒண்ண மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்க."

"நீ யார் கட்சி?"

"நான் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன்."

நேரே சமையலறைக்குப் போனார்.

"மேடம் ரூமுக்கு எதுக்குப் போன?"

"டீ குடிக்க."

"டீ குடிச்சவங்க எல்லாம் வேலை இல்லாம வந்தாங்க. நீ எப்படி வேலையோட வந்த?"

"டீ நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"வெளையாடாத."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த சீசன் முடியற வரைக்கும் என்ன நம்புங்க."

"ஏன், அதுக்கப்புறம் நம்ப வேண்டாமா?"

அவள் மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எல்லாம் மகள் வழியாக நடந்தது.

"உங்கம்மாகிட்ட சொல்லு, குழம்புல உப்பு இல்ல."

"அம்மா, உப்பு இல்லையாம்."

"வேணும்னேதான் போடலன்னு சொல்லுவாரே, சொல்லட்டும்."

"அம்மா வேணும்னேதான் போடல, போதுமாப்பா?"

அவர் குழம்பை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

சீசனின் கடைசிப் பதிவு போட்டோ ஸ்டூடியோ நாடகம். சண்டை போட்டுக்கொண்ட தம்பதி குடும்பப் படம் எடுக்க வருகிறார்கள். படம் எடுப்பவனாகப் பொடியன், சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த இவர் ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய படத்துக்குள் மாட்டிக்கொள்கிறார். கண்ணாடிக்காரன் நன்றாகவே எழுதியிருந்தான். இவருக்கு வசனமே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மேடை விளக்குக்கு நேரே நிற்பவர்களுக்கு ஜனங்கள் தெரியமாட்டார்கள், வெறும் இருட்டுத்தான். அன்று பொடியன் வழுக்கி விழும்போது ஃப்ளாஷ் விளக்கின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். அது திரும்பி அரங்கத்தைப் பார்த்து நின்றது. பொடியன் சமாளித்து எழுந்து பொத்தானை அமுக்கினான். பளீரென்று ஒரு வெளிச்சம். நாலாவது வரிசை தெரிந்தது.

அவள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின.

ஒரு தரம் பார்த்து நம்புகிறவர் இல்லையே. அடுத்த ஃப்ளாஷுக்குக் காத்திருந்தார். அடித்தது. அதே கைக்குட்டை, அதே கூரை. கண்ணில் தண்ணீர் வேறு.

ஆக, சிரிப்பு வராமல் இல்லை. வருவதை அமுக்குகிறாள். சீசன் முழுக்க அமுக்கியிருக்கிறாள். யாரோ சொல்லித்தான் அமுக்குகிறாள். மேடம் கண்ணாடி அறையில்தான் இருக்கிறார். இப்போது, இவ்வளவு பேர் முன்னால், அந்த மூடியைத் திறந்து காட்டிவிட்டால் எல்லாச் சூதும் வெளியே வந்துவிடும் என்று அவருக்குப் பட்டது.

அந்தப் பார்வையைக் கைவிட்டார். பொடியனின் மேஜையில் கிடந்த துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். கண்ணைக் கூரைக்கு ஏற்றினார். தோளைக் குலுக்கினார். படத்தில் சிரிக்கக் கூடாது என்று யாரோ சத்தியம் வாங்கியிருப்பதுபோல, உள்ளுக்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அச்சாக அவளேதான்.

அரங்கம் புரியாமல் அரை நொடி பார்த்தது. நாலாவது வரிசையில் கைக்குட்டை பறந்தது. சீசன் பூராவும் அடைத்து வைத்திருந்த சிரிப்பு ஒரே மூச்சில் வெடித்தது. முன்வரிசை திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது, பின்வரிசை முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தது, படத்துக்கு நின்ற தம்பதி வசனத்தை மறந்து சிரித்தார்கள். பொடியன் இந்தத் தடவை நிஜமாகவே விழுந்தான். கண்ணாடி அறைக்குள் மேடம் எழுந்து நிற்பது தெரிந்தது.

இவர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கினார். மனைவி அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை இருவரையும் சேர்த்து டீக்குக் கூப்பிட்டார்கள். தாழ்வாரத்தில் போலீஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், பிணம் போகிற தெருவில் நிற்பதுபோல.

மேடம் டீயை ஊற்றி இருவர் முன்னாலும் வைத்தார். இவர் தன் டம்ளரைத் தொடவில்லை.

"சீசன் ஆரம்பத்துல மொதல்ல அனுப்ப நெனச்சது உங்களத்தான் சார்" என்றார் மேடம். "பழைய பதிவையெல்லாம் போட்டுக் கேட்டேன். உங்களுக்கு வர்ற சிரிப்பு எல்லாம் உங்க வீட்லேர்ந்தே வருதுன்னு தோணுச்சு. மொதல் பதிவுக்கு முன்னாலயே இவங்களக் கூப்பிட்டு அதத்தான் கேட்டேன்."

"இவ என்ன சொன்னா?"

மனைவியே சொன்னாள். "நான் வாய மூடிக்கிறேன், ஜனங்க சிரிக்கிறாங்களான்னு பாருங்கன்னேன். சிரிச்சா இவர வெச்சுக்கோங்க. சிரிக்கலன்னா நானே கூட்டிட்டுப் போயிடறேன்னேன்."

"ரெண்டு கண்டிஷன் நான் போட்டேன்" என்றார் மேடம். "உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நீங்க ஜனங்கள விட்டுட்டு நாலாவது வரிசைக்கு நடிப்பீங்க. இன்னொண்ணு, சீசன் முடியற வரைக்கும் உங்க நாடகத்துல இவங்க ஒரு தடவை சிரிச்சாலும் பேச்சு முறிஞ்சது."

இவர் கண் தன்னையறியாமல் சுவரில் ஒயரைத் தேடியது. தேட ஒன்றும் இல்லை.

"அப்ப நான் வீட்டுக்கா?"

"இல்ல சார். நீங்க இருக்கீங்க. ஜனங்க சிரிச்சாங்க. கொஞ்சம் லேட்டா சிரிச்சாங்க, ஆனா அவங்களா சிரிச்சாங்க. வாரா வாரம் கேட்டேன்."

"கடைசி வாரம்?"

"அன்னைக்கு ஜனங்க சிரிச்சது உங்களுக்கா, இவங்களுக்கான்னு எனக்கே தெரியல. யாருக்கும் தெரியாது. இவங்க அந்த நாற்காலில இருக்கற வரைக்கும் இங்க எழுதறவன், நடிக்கிறவன் ஒருத்தனுக்கும் தன் சிரிப்பு எதுன்னு தெரியப் போறதில்ல." மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "பேச்சும் முறிஞ்சிருக்கு. அடுத்த சீசன்ல அந்த நாற்காலி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"தப்பு என்னுது மேடம். அவள நான்தான் சிரிக்க வெச்சேன்."

"நடிகர் சிரிக்க வெச்சா அது தப்புல சேராது, சார்."

"எனக்குப் பதிலா..."

"உக்காருங்க" என்றாள் மனைவி. அவர் எழுந்து நின்றது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் தன் டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். அவருடைய டம்ளரையும் எடுத்துக் குடித்தாள். "வரேன் மேடம்" என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "மாட்டேன்."

"அப்புறம்?"

ஒரு பேருந்து நிற்காமல் போயிற்று. அவர் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குச் சிரிச்சியே. அது வேலைக்கா?"

அவள் திரும்பி முறைத்தாள். "வேலைக்குச் சிரிக்கறதா இருந்தா எனக்கு அடக்கத் தெரியாதா? சீசன் பூரா அடக்கினேன். கடைசி நாள்ல வந்து மானத்த வாங்கிட்டீங்க."

அடுத்த பேருந்தில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தார்.

அடுத்த சீசனில் அவர் தனியாகப் போனார். முதல் பதிவு, வங்கி வரிசை நாடகம், மூன்றாவதாக நிற்கும் ஆள். அந்தப் பார்வையை எடுத்து விட்டார். அமைதி. போன சீசனிலும் இதே அமைதிதான். ஆனால் அப்போது இருட்டுக்குள் அவள் இருந்தாள். அந்த நேரம் முழுவதும் பார்வையை மாற்றாமல் நின்றார். பிறகு பின்னாலிருந்து யாரோ ஒரு ஆள் சிரித்தான். அப்புறம் மற்றவர்கள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றார்.

"பின்வரிசையில ஒருத்தன் மொதல்ல சிரிச்சான். தாட்டியான ஆளு. கட்டைக் குரல்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். யாரு வெச்ச ஆளுன்னு தெரியலயே." குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீ எதுவும் ஏற்பாடு பண்ணலயே?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மகள் என்னவோ ஏதோ என்று அறையிலிருந்து எழுந்து வந்தாள்.

"நான் நிஜமாத்தான் கேக்கறேன்" என்றார் அவர்.